கோதுமையும் தேறாத குழந்தையும்

நமது நாட்டின் உணவுக் கவலைகளுள் நெடுங்காலமாக முதன்மை பெற்றிருந்தது, மக்கள் அனைவருக்கும் வயிறு நிரம்பத் தானியம் கிடைக்கவேண்டும் என்பதே ஆகும். 1960களின் பிற்பகுதியில் குட்டை ரகக் கோதுமை பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளின் வயல்களில் பரவிய பின்னர் அக்கவலை பெரிதும் தணிந்தது. கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு உயிரூட்டும் அத்தானியத்தைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எனினும், ஊரார் அனைவரையும் வாழ்விக்கும் அதே கோதுமையால் நாள்தோறும் நலிவுறும் குழந்தைகளும் அவ்வூர்களிலேயே இருக்கின்றனர். அவர்களை நாம் அடையாளம் காண்பதில்லை. "எவ்வளவு ஊட்டினாலும் தேறாத பிள்ளை" என்று சொல்லி வாளா இருந்து விடுகிறோம். கிராமங்களில் பணியாற்றும் களப்பணியாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் மனம் வைத்தால் இந்நிலையை மாற்ற இயலும் என்பதே நமது துணிபு.

வட இந்தியக் கிராமமொன்றின் அங்கன்வாடியில் மாதந்தோறும் எடை பார்க்கப்படும் குழந்தை ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அதன் எடை ஏறவில்லை. வயிறு உப்பியிருக்கிறது, கைகால்கள் மெலிந்துள்ளன. ஊழியர் தமது கடமைப்படி கோதுமைக் குருணைக் கஞ்சியும் பஞ்சீரியும் கூடுதலாக அளிக்கிறார். தாயும் தன் பங்கைக் குறைத்துக்கொண்டு பிள்ளைக்கு மேலும் ஒரு ரொட்டி ஊட்டுகிறாள். குடற்புழு மருந்தும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்தாகிவிட்டன. அடுத்த மாதமும் எடை ஏறவில்லை. முடிவில் பழி யார்மீது விழுகிறது? தாயின்மீதுதான். பிள்ளையைப் பேணத் தெரியாதவள் என்ற சொல்லை அவள் கேட்கவேண்டியிருக்கிறது. உண்மையிலோ, அவள் அன்போடு ஊட்டிய உணவே குழந்தையின் குடலைச் சிதைத்துக்கொண்டிருக்கலாம். இந்நோய்க்குச் சீலியாக் நோய் என்று பெயர்.

நோயின் இயல்பு

கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, ஓடும் நீரில் பொறுமையாகக் கழுவினால் மாப்பொருள் கரைந்து வெளியேறிவிடும்; ரப்பர் போன்று இழுபடும் ஒரு பொருள் கையில் எஞ்சும். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான பெக்காரி என்பார் இவ்வாறு பிரித்துக் காட்டிய பொருளே குளுட்டன் எனப்படும் புரதத் தொகுதி. சப்பாத்தி மாவுக்கு இழுபடும் தன்மையைத் தருவது இதுவே. ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் ஒரு கிண்ணமும் சிறிது நீரும் கொண்டு எளிதில் செய்துகாட்டலாம். பார்லியிலும் ரை எனும் தானியத்திலும் இதனை ஒத்த புரதங்கள் உண்டு. அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் ஆகியவற்றில் இத்தகைய தீங்கு விளைக்கும் குளுட்டன் இல்லை.

குளுட்டன் எவருடைய வயிற்றிலும் முற்றிலும் சீரணமாவதில்லை. அதன் துணுக்குகள் சிறுகுடலை அடைகின்றன. பெரும்பாலோருக்கு அதனால் கேடு ஒன்றுமில்லை. ஆனால், ஹெச்.எல்.ஏ. டி.கியூ.2 அல்லது டி.கியூ.8 எனப்படும் மரபுக்கூறுகளைப் பெற்றவர்களுள் சிலருடைய உடல் அத்துணுக்குகளைப் பகைவராகக் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் சேதமுறுவது சொந்தக் குடலே. சிறுகுடலின் உட்சுவரில் துவாலையின் நூலிழைகளைப் போல் நெருங்கி நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. உணவின் சத்தை உறிஞ்சும் பரப்பு சுருங்குகிறது. இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம், கொழுப்பு ஆகியன உடலிற் சேராமல் வீணாகின்றன. ஆகவே இது வெறும் அஜீரணமும் அன்று. உணவு ஒவ்வாமையும் அன்று. உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் நோய்.

இந்நோயை அறிந்த வரலாறு களப்பணியாளர்கள் மனங்கொள்ளத் தக்கது. லண்டனில் குழந்தைகள் மருத்துவராயிருந்த சாமுவேல் கீ என்பார் 1888இல் வெளியிட்ட கட்டுரையில் இதன் தோற்றத்தை விவரித்து, குணப்படுத்த வழியுண்டெனில் அது உணவின் வாயிலாகவே இருத்தல் வேண்டும் என்று கூறினார். எந்த உணவு என்பது மட்டும் அவருக்குப் புலப்படவில்லை. அதனைக் கண்டவர் ஹாலந்து நாட்டுக் குழந்தை மருத்துவரான வில்லெம் டிக்கெ. கோதுமையின்மீது முன்னரே ஐயங்கொண்டிருந்த அவருக்கு, ரொட்டி கிடைப்பதே அரிதாயிருந்த 1944–45ஆம் ஆண்டுப் பஞ்சக் குளிர்காலம் அக்கருத்தை வலுப்படுத்தியது. 1950இல் தமது ஆராய்ச்சி நூலில், கோதுமையை நீக்கினால் இக்குழந்தைகள் தேறுவதையும் மீண்டும் கொடுத்தால் நலிவதையும் அவர் நிறுவினார். குழந்தையின் தட்டில் இருப்பதையும் அதன் உடல்நிலையையும் நாள்தோறும் சேர்த்துக் கவனித்ததே இக்கண்டுபிடிப்புக்கு அடிப்படை. அத்தகைய கவனிப்புக்கு வாய்ப்புள்ளவர் நம் நாட்டில் யார்? பெருநகர மருத்துவரைவிட அங்கன்வாடி ஊழியரும் ஆசிரியரும் அல்லரோ?

நம் நாட்டில் எவ்வளவு?

இது மேனாட்டாருக்கு உரிய நோய் என்ற எண்ணம் மருத்துவரிடையேயும் நெடுங்காலம் நிலவியது. ஆயினும் வட இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் கண்டறியப்பட்ட செய்தி 1966லேயே மருத்துவ இதழில் வெளிவந்துவிட்டது. லூதியானாவில் 3 முதல் 17 வயது வரையிலான 4,347 பள்ளிக் குழந்தைகளிடையே அறிகுறி உடையோரைத் தேர்ந்து சோதித்து, 2006இல் வெளியிடப்பட்ட ஆய்வில் 310 பேருக்கு ஒருவர் நோயுற்றிருந்தமை தெரியவந்தது. டில்லியையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த மக்களிடையே நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில் 96 பேருக்கு ஒருவர் என்று கணக்கிடப்பட்டது. இவ்வீதப்படி 2,000 மக்கள் வாழும் கிராமத்தில் ஏறத்தாழ 20 பேருக்கு இந்நோய் இருத்தல் கூடும். அவர்களுள் எத்தனை பேர் தமது நோயின் பெயரை அறிவர்?

2016இல் வெளியான மற்றோர் ஆய்வு வடக்கு, வடகிழக்கு, தெற்கு ஆகிய மூன்று பகுதிகளை ஒப்பிட்டது. வயதுவந்தோரிடையே இந்நோய்க்குரிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் காணப்பட்டோரின் அளவு வடக்கில் 1.23 சதவிகிதம், வடகிழக்கில் 0.87 சதவிகிதம், தெற்கில், அதாவது தமிழ்நாட்டின் வேலூர்ப் பகுதியில், 0.10 சதவிகிதம் மட்டுமே. மரபுக்கூறுகளோ மூன்று பகுதிகளிலும் பெரிதும் வேறுபடவில்லை. உண்ணும் கோதுமையின் அளவில்தான் பெருத்த வேறுபாடு காணப்பட்டது. வடக்கில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை உண்ண, தெற்கில் அது 25 கிராமாக இருந்தது. கோதுமையின் அளவு ஒன்றே காரணம் என்று இதனால் முடிவுகட்டிவிட முடியாது. வடகிழக்கில் உண்ணப்பட்ட கோதுமையும் 37 கிராம்தான். எனினும், விதை எங்கும் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை.

ஐயமுற வேண்டிய இடம்

நாட்டிலுள்ள குழந்தைகள் அனைவரையும் சோதித்தல் வேண்டும் என்று நாம் கூறவில்லை. காசநோயும் பிற தொற்றுநோய்களும் இன்னும் ஒழியாத நாட்டில், நூற்றில் ஒருவருக்கு வரும் நோய்க்காக அத்தனை பொருளும் உழைப்பும் செலவிடுதல் தகுமா என்று கேட்போரின் கேள்வி நியாயமானதே. ஆனால், ஐயத்துக்கு இடமானவர்களை மட்டும் தேர்ந்து அனுப்புவது செலவு மிகுந்த காரியமன்று. லூதியானா ஆய்வு நடந்த முறையும் அதுவே. தேறாத பிள்ளைக்கு ஆண்டுக்கணக்கில் பயனற்ற மருந்தும் சத்துணவும் அளிப்பதே உண்மையான வீண்செலவு.

எவரை ஐயுறுவது? நாட்பட்ட வயிற்றுப்போக்கும் வயிற்று உப்புசமும் உள்ள குழந்தை. போதிய உணவு கிடைத்தும் எடையோ உயரமோ கூடாத குழந்தை. பல மாதம் இரும்புச்சத்து மாத்திரை தவறாது உண்டும் ரத்தசோகை நீங்காத சிறுவர் சிறுமியர். வயது வந்தும் பூப்பெய்தாத பெண். அடிக்கடி வாய்ப்புண் தோன்றுபவர். இளமையிலேயே எலும்பு வலுவிழந்தவர். வயிற்றுப்போக்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்று கொள்ளலாகாது. ரத்தசோகை ஒன்றையே வெளியிற் காட்டி நிற்கும் நோயாளிகள் பலர். நோயாளியின் உடன்பிறந்தார், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோருக்கும், இன்சுலின் செலுத்திக்கொள்ள வேண்டிய முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளுக்கும் இந்நோய் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

ஆசிரியரின் கண் இங்கு மிகப் பயன்படும். வகுப்பின் முன்வரிசையில் ஆண்டுதோறும் அதே குள்ளமான பிள்ளை அமர்வதையும், விளையாட்டு நேரத்தில் களைத்து ஒதுங்குவதையும், அடிக்கடி பள்ளிக்கு வாராமையையும் அவர்தாம் காண்கிறார். 2013இல் தொடங்கப்பட்ட தேசியச் சிறுவர் நலத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுவினர் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வருகின்றனர். அக்குழு வரும் நாளில் இத்தகைய பிள்ளையின் பெயரைத் தனியே சொல்லி, இந்நோய் பற்றியும் கேட்பது ஆசிரியரின் பணிகளுள் ஒன்றாதல் வேண்டும்.

சோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தலாகாது

ஐயங்கொள்ளுதல் வேறு, தீர்ப்புக் கூறுதல் வேறு. "கோதுமையை நிறுத்திப் பார்" என்று தாமாகவே அறிவுரை கூறுவது களப்பணியாளர் செய்யக்கூடாத செயல். ரத்தத்தில் டி.டி.ஜி. எனும் நொதிக்கு எதிராகத் தோன்றும் எதிர்ப்பொருளை அளந்தே இந்நோய் முதலில் அறியப்படுகிறது. அந்நொதியே இந்நோயில் தாக்கப்படும் இலக்கு என்பது 1997இல் கண்டறியப்பட்டது. தேவையானால் உள்நோக்கிக் கருவியின் உதவியால் சிறுகுடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்து மருத்துவர் உறுதி செய்வார். கோதுமையை முன்னரே நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருள் குறைந்துவிடும். குடலும் ஆறத் தொடங்கும். சோதனை பொய் சொல்லும். பிறகு உண்மை அறிவதற்காகவே பிள்ளைக்கு மீண்டும் கோதுமை கொடுத்து நோய்ப்படுத்த நேரிடும். ஆகையால், கோதுமை உண்டுவரும் நிலையிலேயே மாவட்ட மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புதல் வேண்டும். இச்சோதனை எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கச் செய்யவேண்டியது அரசின் கடமை என்பதையும் இங்கு வற்புறுத்துகிறோம்.

மற்றொரு புறம், நகரங்களில் நோயே இல்லாதவர்கள் உடல் இளைப்பதற்கென்று கோதுமையை விலக்கும் வழக்கம் பரவியுள்ளது. அவர்களுக்கு அதனால் பெரும் பயன் எதுவும் விளைவதாகத் தெரியவில்லை. உண்மை நோயாளியின் கட்டுப்பாட்டையும் மற்றவர்கள் விளையாட்டாகக் கருத அது இடந்தருகிறது. உண்மை நோயாளிக்கோ இது வாழ்நாள் முழுவதும் தளராமற் காக்கவேண்டிய நோன்பு. இந்நோய்க்கு இன்றுவரை உணவுக் கட்டுப்பாட்டைத் தவிர வேறு சிகிச்சை இல்லை. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளுட்டன் தொடர்ந்து சேர்ந்தாலும் குடலுக்குக் கேடு விளையலாம் என்று அறியப்பட்டுள்ளது. ஒரு சப்பாத்தியில் அதனைப்போல் பல பத்து மடங்கு உண்டு. "ஒரு துண்டு தின்றால் என்ன?" என்ற பாட்டியின் பரிவு இங்குச் செல்லாது.

மாற்று உணவு நம்மிடமே உண்டு

சந்தையில் குளுட்டன் அற்றவை என்று விற்கப்படும் ரொட்டிகளும் பிஸ்கோத்துகளும் விலைமிக்கவை. ஏழைக் குடும்பத்துக்கு அவை எட்டா. அவை இன்றியமையாதனவும் அல்ல. அரிசிச் சோறும் பருப்பும், மக்காச்சோள ரொட்டியும் கடுகுக்கீரையும், கம்பு ரொட்டியும் மோரும் வட நாட்டாரின் பழைய உணவுகளே. நவராத்திரி நோன்பு நாட்களில் அங்குள்ள இல்லங்களில் கோதுமை விலக்கப்படுவதை நாம் அறிவோம். அந்நாட்களில் உண்ணும் குட்டு மாவு, குளங்களில் விளையும் சிங்காடாக் கொட்டை மாவு, ராஜ்கீரா எனும் கீரைவிதை, ஜவ்வரிசி ஆகியவை யாவும் இந்நோயாளிக்கு ஏற்றவை. ஒன்பது நாள் நோன்புக்கு வழி தெரிந்த சமையலறைக்கு ஆண்டு முழுதும் வழி தெரியாமற் போகாது. புதியதொரு உணவைக் கற்பிக்க வேண்டியதில்லை. உள்ளதை நினைவூட்டினால் போதும். தாயிடம் பேசும் ஊழியர் விலக்குகளின் பட்டியலிலிருந்து தொடங்காமல், உண்ணத் தக்கவற்றின் பட்டியலிலிருந்து தொடங்குவது நலம்.

விலக்க வேண்டியவற்றுள் மறைந்து நிற்பனவற்றை மட்டும் எச்சரிக்கையோடு எடுத்துக்கூற வேண்டும். ரவையும் மைதாவும் சேமியாவும் கோதுமையே என்பதை அறியாதவர் பலர். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். மால்ட் சேர்ந்த ஊட்டச்சத்துப் பானங்கள் பார்லியிலிருந்து செய்யப்படுவன. மெலிந்த பிள்ளைக்கென்று கடன் வாங்கியும் இவற்றை வாங்கிக் கொடுக்கும் பெற்றோரை எண்ணுங்கால் இவ்வெச்சரிக்கையின் இன்றியமையாமை விளங்கும். பொதியுணவின் மேலுறையில் குளுட்டன் உள்ள தானியங்களைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டம் விதிக்கிறது. ஒரு கிலோகிராமில் 20 மில்லிகிராமுக்கு மேற்படாத உணவையே குளுட்டன் அற்றது என்று சொல்லலாம். மேலுறையைப் படிக்கும் பழக்கத்தைப் பள்ளிப் பாடமாகவே கற்பிக்கலாம்.

எல்லாவற்றினும் கவனத்துக்குரியது ஊர் மாவு ஆலை. நாள் முழுதும் கோதுமை அரைத்த கல்லில் அடுத்ததாகக் கம்பையோ கடலையையோ போட்டால், கல்லிடுக்கில் தங்கிய கோதுமை மாவு அதனுடன் கலந்துவிடும். தானியம் தூயதாயினும் மாவு தூயதன்று. வீட்டில் தனிக்கல் வைத்து அரைத்தல், அல்லது மாவு தேவைப்படாத சோறு, கூழ், முழுத்தானிய உணவுகளை மிகுதியாக உண்ணல் ஆகியவை தக்க வழிகள். கிராம மகளிர் குழுக்கள் கோதுமை தொடாத சிற்றாலை ஒன்றைச் சில ஊர்களுக்குப் பொதுவாக நடத்தினால், நோயாளிகள் மட்டுமன்றிச் சிறுதானியம் உண்போர் யாவரும் பயனடைவர்.

பங்கீட்டுக் கடையும் பள்ளியும்

2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோகிராம் தானியம் பெறும் உரிமையை அளித்துள்ளது. அச்சட்டம் அரிசி, கோதுமை, பருத்தானியம் ஆகிய மூன்றையும் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஆயினும் வட மாநிலங்கள் பலவற்றில் நடைமுறையில் பெரும்பாலும் கோதுமையே கிடைக்கிறது. நோய் உறுதிப்பட்ட ஏழைக்கு ஆண்டொன்றுக்கு உரிய 60 கிலோகிராமும் அவர் தொடவொண்ணாத தானியமாக வருகிறது. அதனை விற்று வேறு வாங்கு என்று சொல்வது முறையாகாது. மருத்துவச் சான்று காட்டுவோரின் பங்கை அரிசியாகவோ சிறுதானியமாகவோ மாற்றி வழங்குதல் வேண்டும். இது புதிய சலுகை அன்று. உள்ள உரிமையைப் பயன்படும் வடிவில் தருவதேயாகும். கடை ஒன்றுக்கு ஒரு சிலரே இத்தகையோர் இருப்பராதலின், ஒதுக்கீட்டுக் கணக்கு குழம்பிவிடும் என்ற தடை வலுவுடையதன்று. அங்கன்வாடியிலும் மதிய உணவுக் கூடத்திலும் இதே நெறி பின்பற்றப்படல் வேண்டும்.

பள்ளியில் வேறொரு பணியும் உண்டு. நோயுற்ற பிள்ளை தோழர்களின் தட்டிலிருந்து பகிர்ந்துண்ண முடியாது. பிறந்தநாள் இனிப்பை மறுக்க நேரிடும். குருத்வாராவில் அளிக்கப்படும் கடா பிரசாதமும் கோதுமை மாவினாலானதே. இவ்வாறு ஒவ்வொரு நாளும் "வேண்டா" என்று சொல்லும் பிள்ளையின் மனநிலையை ஆசிரியர் அறிதல் வேண்டும். இந்நோய் ஒட்டிக்கொள்வதன்று என்பதை வகுப்பினர்க்கு ஒருமுறை தெளிவாக விளக்கிவிட்டால் பாதித் துன்பம் நீங்கும். பெண் குழந்தையாயின், பிற்காலத் திருமணம் கருதி நோயையே மறைத்து, பிறர்முன் ரொட்டி உண்ணச் செய்யும் பெற்றோரும் உளர். கட்டுப்பாட்டைக் காத்தால் அப்பெண் பிறரைப்போல் வளர்ந்து மணந்து மக்களைப் பெற்று வாழ இயலும் என்பதையும், மறைத்து உண்பதே ரத்தசோகைக்கும் கருச்சிதைவுக்கும் இடமளிக்கக் கூடும் என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைப்பது ஆசிரியரின் சொல்லுக்குள்ள மதிப்பால் எளிதாகும்.

தமிழ்நாட்டில் பணிபுரிவோர் இதனை வடநாட்டுச் செய்தி என்று விட்டுவிடலாகாது. மரபுக்கூறு இங்கும் உண்டு என்பதை மேலே கண்டோம். வடநாட்டிலிருந்து தொழில் நாடி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நம் பள்ளிகளில் பயில்கின்றனர். 2022இல் தொடங்கப்பட்ட காலை உணவுத் திட்டத்தில் ரவை உப்புமாவும் சேமியா உப்புமாவும் இடம்பெறுகின்றன. அரிசி உப்புமாவும் பொங்கலும் அதே திட்டத்தில் இருத்தலால், தேவைப்படும் பிள்ளைக்கு மாற்று அளிப்பது இங்கு எளிது. தேவைப்படும் பிள்ளை எது என்பதை அறிவதுதான் எஞ்சிய வேலை.

சுருங்கக் கூறின், களப்பணியாளரிடம் நாம் வேண்டுவன மூன்று. தேறாத குழந்தையின் தாயைப் பழிக்குமுன், கொடுக்கும் உணவு உடலிற் சேர்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். எண்ணம் வலுத்தால் உணவை மாற்றாமல் சோதனைக்கு அனுப்புங்கள். நோய் உறுதிப்பட்டபின் அக்குடும்பத்தின் அடுப்பும் ஆலையும் பங்கீடும் பள்ளியும் அப்பிள்ளைக்கு இசைந்து நடக்கத் துணை நில்லுங்கள். உரிய உணவு தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளின் எடை சில மாதங்களிலேயே ஏறத் தொடங்குகிறது. எடைப் பலகையில் முள் நகர்வதைக் காணும் அத்தாயின் முகமே அப்பணிக்குரிய பயனாகும்.